பத்து பிராங்க் சிவப்பு

ஃபொன்ஸெக்,
2 பிப்ரவரி 1988, மெழுகுதிரித் திருநாள்

என் அன்புத் தங்கை எலியெட்டுக்கு,

சர்வேசுரனுடைய சமாதானம் உன் இல்லத்தில் தங்கியிருப்பதாக. லியோன் நகரத்து மூடுபனி உன் மார்பில் இறங்காதிருக்கிறதா? சென்ற கடிதத்தில் சொன்ன இருமல் நின்றதா? எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. அதுவும் கோவிலில் முழந்தாளிடும்போது மட்டும் முனகுகிறது. அது முனகுவதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை மெழுகுதிரிகள் மந்திரிக்கப்பட்டன. கையில் மெழுகின் மணம் மாறுவதற்குள் நேரே திராட்சைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நானே இன்னும் அதன் தலைவன். லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவனுக்கு வேறு வேலை இராது என்று அவர்கள் நினைத்ததன் பலன். புருசெல்சிலிருந்து வந்த செய்தியை நீ அறிந்திருப்பாய். ஐரோப்பாவில் ஒயின் மிஞ்சிப்போயிற்றாம், கொடிகளை வேரோடு பிடுங்கிப் போடுகிறவர்களுக்குப் பணம் தருகிறார்களாம். மார்செலேன் எழுந்து நின்றான்.

"வாத்தியாரே, பிடுங்குறதுக்குக் காசு குடுக்குறான். நட்டதுக்கு எவனாவது குடுத்தானா?"

"அது உங்க அப்பன் நட்டது, மார்செலேன்."

"அப்பன் செத்துட்டான். கொடி இன்னும் தின்னுக்கிட்டிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பழைய கவிகள் திராட்சைக் கொடியை எல்ம் மரத்துக்கு மணமுடித்துப் பாடினார்கள். கணக்கரிடம் கொண்டுபோய் யாரும் பாடவில்லை.

என் மகன் கில்லெம்தான் சபையை அடக்கினான். சங்கத்தின் ஒயின் தொட்டிகளுக்கு அவன்தானே பொறுப்பு. பெல்வால் பேரங்காடிகள் செப்டம்பர் ஒயின் விழாவுக்காகப் பத்து பிராங்குக்குக் குறைந்த சிவப்பு ஒயின்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தால் நம் தொட்டிகள் அத்தனையும் காலியாகும். பிடுங்கும் பேச்சு ஒழியும். கிடைக்காவிட்டால் அறுவடை முடிந்ததும் வாக்கெடுப்பு. அதன் முடிவைச் சொல்லத் தீர்க்கதரிசி தேவையில்லை.

நீ அந்தத் தேர்வுக் குழுவில் இருப்பதாகக் கில்லெம் சொல்கிறான். இதை வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளாதே. நடுவர் இருக்கையில் அமர்ந்தவளுக்கு அண்ணன் கிடையாது.

உனக்காகத் தினமும் மன்றாடும்,
ஒனோரே

---

லியோன்,
14 பிப்ரவரி 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

எலியெட்டின் பணிவான வணக்கம். இருமல் நின்றுவிட்டது. முழங்காலுக்கு ஆட்டுத்தோல் பட்டை ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெருமை பார்க்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

கில்லெம் சொன்னது உண்மை. ஒயின் பரிசோதனைச் சாலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் என் மூக்கைக் கேட்டு வந்தவர்கள் இவர்கள் மட்டுமே. காலையில் கூடுவோம். காப்பி கூடாது, முகப்பூச்சோ வாசனைத் திரவியமோ கூடாது. புட்டிகளுக்குக் கழுத்துவரை சாம்பல் நிறத் துணியுறை மாட்டியிருக்கும். எந்த ஊர், யாருடையது, ஒன்றும் தெரியாது. முகர்ந்து, வாயில் உருட்டி, வாளியில் துப்பி, ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவோம்.

விலை மலிந்த ஒயினில் அழகைத் தேடக் கூடாது, அண்ணா. பொய்யைத் தேட வேண்டும். சர்க்கரையால் அழுக்கை மூடியிருப்பார்கள். காய்ந்துபோன துவர்ப்பைப் பழச்சாறுபோல் பூசி மெழுகியிருப்பார்கள். ஏழை வீட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கறித் துண்டோடு வைக்கப்போவது இது. அந்த வீட்டுக்காரன் ஏமாறக் கூடாது. இதைத்தான் நான் நீதி என்று நினைக்கிறேன்.

குழுத் தலைவர் மொஸ்யே தூர்நாத்ருக்கு என் பேச்சு பிடிக்காது. "மேடம், இது ஒரு வருஷத்துக்குள்ள குடிச்சுத் தீக்கிற சரக்கு. நாம என்ன இதைக் கட்டிக்கவா போறோம்?" என்பார். சென்ற ஆண்டு அலுத்துப்போன ஒரு புட்டியைப் பார்த்து, "கட்டிக்க வேணாம் மொஸ்யே, சாகக் கிடக்குறவங்களுக்குக் குடுக்குற கடைசிப் பூசுதல்தான் இதுக்குக் குடுக்கணும். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் படுத்துக்கிச்சு" என்றேன். அதிலிருந்து அந்த வாக்கியம் எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

மாதிரியை அனுப்புங்கள். நம் ஊர் ஒயினை நான் தேட மாட்டேன். தேடினாலும் உறைக்குள் எது என்று யாருக்குத் தெரியும்?

கில்லெமுக்கு என் முத்தம். உங்கள் ஆசியை வேண்டும்,
எலியெட்

---

ஃபொன்ஸெக்,
19 மார்ச் 1988, அர்ச். சூசையப்பர் திருநாள்

அன்புத் தங்கைக்கு,

தவக்கால ஆசிகள். ஆட்டுத்தோல் பட்டை வந்தது. பெருமை பார்த்தேன், பிறகு கட்டிக்கொண்டேன். உன் உடல்நலத்தை எழுது. ஒருசந்தி இருக்கிறேன் என்று உன்னை வாட்டிக்கொள்ளாதே. உன் வயதில் திருச்சபை அதைக் கேட்பதில்லை.

மாதிரிப் புட்டிகள் போய்விட்டன. எதை, எப்படி நிரப்பினோம் என்று நடுவரான உனக்குச் சொல்வது முறையன்று. சொல்லிவிடும்படி கில்லெம் நச்சரித்தான், நான் மறுத்தேன். அன்றுமுதல் சாப்பாட்டு மேசையில் அவன் வாயிலிருந்து "ஆமா", "இல்ல" தவிர வேறு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது வயதுக்காரன் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தே கோபித்துக்கொள்வதைக் காண ஒருபுறம் சிரிப்பாகவும் இருக்கிறது.

மேற்குச் சரிவில் கிளைகழித்து முடித்தோம். கரிஞான் வகைக் கொடிகள் முதிர்ந்து கருத்துக் கிடக்கின்றன. அப்பா நட்டவை அவை. காய்ப்பது ஒரு பிடி, அந்தப் பிடியோ பொன். அங்கிருந்து வருவதைச் சங்கத்தின் மிகச் சிறிய தொட்டியில் தனியே வைத்திருக்கிறோம். மற்றத் தொட்டிகளைப் பற்றிச் சமவெளி மண்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

உன் தீர்ப்பு எதுவானாலும் அதைக் கர்த்தருடைய கையிலிருந்து வந்ததாகவே வாங்கிக்கொள்வேன்.

ஒனோரே

---

லியோன்,
22 ஏப்ரல் 1988

என் அருமை அண்ணா,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களோடிருப்பதாக! நான் நலம், நலம், நலம். உங்கள் முழங்காலைப் பற்றிக்கூடக் கேட்க மறந்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

சுவைபார்த்தல் நேற்று முடிந்தது. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே நான் எதையும் எழுதவில்லை. ஆனால் மாதா பீடத்தில் பெரிய மெழுகுதிரியாக ஒன்று ஏற்றிவையுங்கள்.

இதை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் வரிசையில் ஒரு புட்டி வந்தது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோகும்போதே கை நின்றுவிட்டது. வெயிலில் சுட்ட கல், தைம் செடி, கறுப்பு ஒலிவம். விழுங்கும் இடத்தில் கசப்பு வாதுமையின் ஒரு கீற்று. அண்ணா, என் கண்கள் நிறைந்துவிட்டன. சளி என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து பார்த்தார். "என்ன மேடம், காதலா?"

"இந்த வயசுல என்ன காதல் மொஸ்யே? பசி."

நான் எந்த ஒயினுக்கும் இதுவரை கொடுத்திராத மதிப்பெண்ணைக் கொடுத்தேன். மற்றவர்கள் தயங்கியபோது எழுந்து நின்று வாதாடினேன். அதற்கு அடுத்திருந்த ஒன்றை, ஒப்பிட நேர்ந்ததாலோ என்னவோ, இரக்கமின்றித் தள்ளினேன். மொஸ்யே தூர்நாத்ர், "இன்னிக்கு மேடத்துக்கு ஆவி இறங்கியிருக்கு" என்றார். இறங்கித்தான் இருந்தது.

உறைகளைக் கழற்றுவது அடுத்த மாதம். எனக்கு அது தேவையில்லை.

கில்லெமை இன்றிரவு சிரிக்கச் சொல்லுங்கள்.

எலியெட்

---

ஃபொன்ஸெக்,
5 மே 1988

தங்கை எலியெட்டுக்கு,

அண்ணனின் ஆசிகள். உன் கடிதம் வந்தபோது நான் கோவில் பின்னறையில் பூசை உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். இருமுறை படித்தேன். முதலில் உன்னைக் கண்டிக்க நினைத்தேன். விதியை மீறவில்லை என்று எழுதிக்கொண்டே ஒருத்தி விதியை மீறுவது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் கேட்டிராத ஒன்று. நான் குருவானவர் அல்லாததால் இருக்கலாம். பிறகு வெளியே வந்து மெழுகுதிரி ஏற்றினேன். பெரியதாகவே.

கடிதத்தை மேசைமேல் வைத்தது என் பிழை. கில்லெம் அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடியிருக்கிறான். நான் போய்ச் சேர்வதற்குள் உன் வரிகளை அங்கே உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். சுட்ட கல், தைம், ஒலிவம் என்று. பங்குக் குருவானவரின் பிரசங்கத்துக்கும் அப்படியோர் அமைதி கிடைத்ததில்லை. மார்செலேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். கில்லெம் என்னை ஒருமுறை பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன்போல் இருந்தது. கேட்கவில்லை, வாசிப்பைத் தொடர்ந்தான்.

அந்த வாரமே பெசியே நகரத்து வியாபாரி வந்தார். எல்லாத் தொட்டிகளையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விலை குறைவு, ஆயினும் ஓர் ஆண்டைக் கடத்திவிடலாம்.

கில்லெம் தொட்டியின் மேலிருந்தே பதில் சொன்னான். "அந்த விலைக்குத் தண்ணிதான் கிடைக்கும் மொஸ்யே. நம்ம ஊர்க் கிணத்துல நிறைய இருக்கு. வாளி வேணுமா?"

"தம்பி, பெருசாப் பேசாத. நான் மறுபடி வரமாட்டேன்."

"வராதீங்க. செப்டம்பர்ல பெல்வால்ல வரிசைல நின்னு வாங்கிக்குங்க!"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், எலியெட். பல ஆண்டுகளுக்குப் பின் என் மகன் என் தோளில் கைபோட்டான். "அப்பா, நீங்க சொன்னதுதான் சரி. உள்ளதை உள்ளபடி அனுப்பினோம், ஜெயிச்சோம்" என்றான்.

நமக்குக் கிடைத்த கிருபைக்குத் தோத்திரம்.

ஒனோரே

---

லியோன்,
3 ஜூன் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலமா? இங்கே மழை. மாடிப்படியில் கால் பிசகி மூன்று நாளாக வெளியே போகவில்லை, வேறொன்றுமில்லை.

பெசியே வியாபாரியை முற்றிலும் விட்டுவிட வேண்டாம். கில்லெமையே அனுப்பி ஒருமுறை மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அவர் மனமிரங்கக் கூடும். வியாபாரிகள் அவமானத்தை நீண்டநாள் நினைவில் வைப்பதில்லை. இதை இன்றே செய்தால் நல்லது. பேரங்காடிகளின் வாக்கை நம்பி ஒரு வழியை அடைத்துக்கொள்வது விவேகமன்று என்று பொதுவாகச் சொல்கிறேன்.

உள்ளதை உள்ளபடி என்று கில்லெம் சொன்னது எதை? எழுத முடிந்தால் எழுதுங்கள்.

வேறு விசேஷமில்லை.

எலியெட்

---

ஃபொன்ஸெக்,
24 ஜூன் 1988, அர்ச். அருளப்பர் திருநாள்

அன்புத் தங்கைக்கு,

உன் கால் குணமாயிற்றா? படிகளில் இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள். இங்கே வெயில் சுத்தியல்போல் இறங்குகிறது.

உன் ஆலோசனைப்படி கில்லெமை அனுப்பினேன். பெசியே வியாபாரி வேறு சங்கத்தில் வாங்கி முடித்துவிட்டார். கில்லெமுக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாராம்.

முந்தாநாள் பெல்வால் பேரங்காடியின் கொள்முதல்காரர் நேரில் வந்தார். மீசை முளைக்காத முகம். ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை. நாம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அடுத்த பள்ளத்தாக்கின் மொல்யேர் சங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. உறைகள் கழற்றப்பட்டபோது எங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் அடுத்தடுத்து இருந்தனவாம்.

கில்லெம் விடவில்லை. "எங்க சரக்குல என்ன குறை? அதைச் சொல்லிட்டுப் போங்க."

"குறைன்னு பெருசா இல்லீங்க…"

"சொல்லுங்கன்றேன்."

"குழுவுல ஒரு அம்மா இருக்காங்க. பெரிய மூக்கு. அவங்க சொன்னாங்க, 'முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் படுத்துக்கிச்சு'ன்னு. எல்லாரும் சிரிச்சிட்டோம். மன்னிச்சிருங்க மொஸ்யே."

மார்செலேனும் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே போனான்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதலாம். மாதிரிக்கு மேற்குச் சரிவின் சிறு தொட்டியிலிருந்து மட்டும் நிரப்ப வேண்டும் என்றான் கில்லெம். "எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க அப்பா, நல்லதைக் காட்டிட்டு மத்ததை விக்கிறது. நாம மட்டும் சாமியாரா?" என்றான். நான் மறுத்தேன். விற்கப்போவது எதுவோ அதையே சுவைக்கக் கொடுக்க வேண்டும். எல்லாத் தொட்டிகளிலிருந்தும் அவற்றின் அளவுக்கேற்ப எடுத்துக் கலக்கச் செய்தேன். இருவிதத் தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது பொய்யாகக் கூடாதே.

கொள்முதல்காரர் போனபின் அந்தக் கலவையில் ஒரு கிண்ணம் எடுத்துப் பொறுமையாகச் சுவைத்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி. அவர் யாராயிருந்தாலும் நடுவருக்குரிய நாக்கு அவருடையது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஒனோரே

---

ஃபொன்ஸெக்,
15 ஆகஸ்ட் 1988, தேவமாதா மோட்சாரோபணம்

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து வார்த்தையில்லை. கால் இன்னும் வலிக்கிறதோ என்று கவலையாயிருக்கிறது. பக்கத்து வீட்டம்மாளிடமாவது ஒரு வரி எழுதச் சொல்.

இன்று சுற்றுப்பிரகாரத்தில் மாதா சுரூபத்தைத் தூக்க ஆள் போதவில்லை. கில்லெம் வரவில்லை. தொட்டிகளின் வெளிப்புறத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். சென்ற ஆண்டு ஒயின் இன்னும் அவற்றில் நிற்கும்போது இந்த ஆண்டுக் கனியை எங்கே ஊற்றுவது என்று கேட்டேன். "தெருவுல" என்றான்.

சரிவில் காய் கருக்கத் தொடங்கிவிட்டது. நல்ல ஆண்டு. மிகவும் நல்ல ஆண்டு.

ஒனோரே

---

லியோன்,
20 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எழுதத் தாமதித்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கால் ஆறிவிட்டது. இப்போது சளி, மூக்கு அடைத்து எந்த வாசனையும் தெரியவில்லை. மருத்துவர் காலநிலை என்கிறார்.

ஒயின் விழா தொடங்கிவிட்டது. சென்ற வாரம் பேரங்காடிக்குப் போனேன். வாசலிலேயே மொல்யேர் புட்டிகளை என் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். மேலே 'எங்கள் நடுவர்களின் முதல் தேர்வு' என்று பலகை. ஒரு தம்பதி ஆறு புட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்தார்கள்.

"இது நல்லா இருக்குமா?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சவங்க குடிச்சுப் பாத்துத்தானே எழுதியிருக்காங்க" என்றான் அவன்.

நானும் ஒன்று வாங்கிவந்து, சளி பிடிப்பதற்கு முன்பே, திறந்தேன். அண்ணா, நான் ஏப்ரலில் சுவைத்தது அது அல்ல. கல்லும் இல்லை, தைமும் இல்லை. இனிப்பும் தண்ணீரும். மொஸ்யே தூர்நாத்ரிடம் தொலைபேசியில் சொன்னேன். "யாராவது திருப்பிக் கொண்டுவந்தாங்களா மேடம்? இல்லையே. பிறகென்ன?" என்றார். உண்மைதான். யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். சளி என்று காரணம் எழுதினேன்.

உங்கள் ஜூன் கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்.

எலியெட்

---

ஃபொன்ஸெக்,
25 அக்டோபர் 1988

அன்புத் தங்கைக்கு,

சளி இறங்கியதா? யூக்கலிப்டஸ் தழையைக் கொதிக்கவைத்து ஆவி பிடி. குழுவிலிருந்து நீ விலகியிருக்க வேண்டாம். ஏழை வீட்டு மேசைக்காகப் பேச அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

வாக்கெடுப்பு நேற்று நடந்தது. கையுயர்த்திச் சொல்வது நம் வழக்கம். பிடுங்குவதற்குச் சம்மதமுள்ளவர்கள் என்று கேட்டேன். முதலில் உயர்ந்தது கில்லெமுடைய கை.

மார்செலேன்கூடத் திடுக்கிட்டான். "டேய், நீயா?"

"நான்தான். யாராவது முதல்ல தூக்கணும்ல?"

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கைகளும். என் கை மட்டும் மேசைமேல் இருந்தது. செயலர் மெதுவாகக் குனிந்து, "வாத்தியாரே, ஏகமனதான்னு எழுதினா பணம் சீக்கிரம் வரும்னு பேசிக்கிறாங்க. எல்லாருக்கும் கடன் இருக்கு" என்றார்.

நான் ஒருவன் கையை உயர்த்தாததால் எந்தக் கொடியும் தப்பப்போவதில்லை. உயர்த்தினேன். கூட்டத்தை வழக்கமான ஜெபத்தோடு முடித்தேன். ஜெபத்தின் நடுவில் வார்த்தை மறந்துவிட்டது. அவர்களே எடுத்துக்கொடுத்தார்கள்.

ஒனோரே

---

லியோன்,
2 டிசம்பர் 1988

என் அன்புள்ள அண்ணா,

உங்கள் திருவடிகளுக்கு வணக்கம். கில்லெம் மொல்யேர் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவனே அட்டை எழுதியிருந்தான். வேறெதுவும் எழுதவில்லை. சரிவைப் பற்றி நீங்களும் எழுதவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை.

மூக்கு இன்னும் திறக்கவில்லை. சளி போய்விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. வெங்காயத்தை அறுக்கும்போது கண் எரிகிறது, மணம் வருவதில்லை. இது ஒரு நியாயமாகவே எனக்குப் படுகிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கே வரலாமா? உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கடிதத்தில் எழுதிப் பார்த்தேன். எத்தனை முறை தொடங்கினாலும் வணக்கத்தோடு நின்றுவிடுகிறது. மதிய வண்டியில் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே நார்போன் நிலையத்தில் இறங்குவேன். பல மாதங்களாக உங்கள் ஆசியைக் கேட்காமலே இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

எலியெட்

---

ஃபொன்ஸெக்,
14 டிசம்பர் 1988

என் அன்புத் தங்கை எலியெட்டுக்கு,

வரவிருக்கும் பாலனின் ஆசி உனக்குண்டாவதாக. வா. படுக்கை விரித்துவைத்தாயிற்று. வாத்துக்கறியும் வாங்கியாயிற்று. உனக்கு மணம் தெரியாவிட்டால் நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிரு.

கில்லெம் ஞாயிற்றுக்கிழமை ஒரு புட்டி கொண்டுவந்தான். மேலே அவனுடைய காலுறையை மாட்டியிருந்தான். "அப்பா, குடிச்சிட்டு எதுன்னு சொல்லுங்க" என்றான். முகர்ந்தேன். என் கையும் நின்றுவிட்டது. வாயில் வைத்தேன்.

"நம்ம மேற்குச் சரிவுடா" என்றேன். "எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

அவன் காலுறையை உருவினான். மொல்யேர் சங்கத்தின் புட்டி. பெல்வால் தேர்வுக்கு மாதிரி எடுத்த தொட்டியாம்; அது விற்பனைக்கு அல்ல, அவர்கள் வீட்டுத் தேவைக்கு. மலைக்கு அந்தப் பக்கமும் அதே கல், அதே தைம், அதே கிழட்டுக் கரிஞான். அப்பாவின் கையால் நடப்பட்ட கொடிகளுக்கிடையே ஐம்பது ஆண்டுகளாகக் குனிந்து நிமிர்ந்தவன் நான். ஆணையிட்டுச் சொல்லியிருப்பேன். கில்லெம் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். இருவரும் அந்தப் புட்டியை முடித்தோம். நல்ல ஒயின். வேறு எப்படிச் சொல்வது?

ஆகையால், எலியெட், நீ நேரில் சொல்ல வேண்டும் என்றதை வழியில் ஏதாவது ஒரு நிலையத்தில் இறக்கிவிட்டு வா. இந்த வீட்டில் அதை வைக்க இடமில்லை. நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். நீயும் என் தராசைப் பற்றி எதுவும் கேட்காதே. எது பாவம், எது புண்ணியம் என்று எனக்கு முன்பு தெளிவாகத் தெரிந்திருந்தது. இப்போது ஜெபத்தை மட்டும் சொல்கிறேன். அது கேட்கப்படுகிறதா என்பதைக் குறித்து எனக்குச் சொல்லப்படவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். மதிய வண்டி வேண்டாம். அதில் வந்தால் ஊர்ச்சாலையின் வளைவு திரும்பியதும் சரிவு முழுவதும் தெரியும். கில்லெம் மற்றவர்களை விடவில்லை. தானே இயந்திரத்தை ஓட்டிப் பிடுங்கினான். அடிக்கட்டைகளை இன்னும் எரிக்கவில்லை. வேர் மேலே, தலை கீழே கிடக்கின்றன.

மாலை வண்டியில் வா. நார்போனில் இறங்கும்போது இருட்டிவிட்டிருக்கும். கில்லெம் நிலையத்துக்கு வருவான். உன் அறையின் மேற்குச் சன்னலை ஆணியடித்து மூடிவிட்டேன். குளிர் என்று சொல்லிக்கொள்வோம்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அண்ணன்,
ஒனோரே